குளம் காவியாச்சு, அப்பா தலை பச்சையாச்சு: வாசகர் கேள்வி பதில்

போன தடவை நீச்சல் குளத் தண்ணியப் பத்தி ரெண்டு வரி எழுதினேன், அவ்வளவுதான், மூட்டை மூட்டையா கேள்வி வந்து குவிஞ்சிடுச்சு. பாதிப் பேர் கேட்டிருக்கிறது கறையப் பத்திதான். முடிஞ்ச வரைக்கும் இந்த இதழ்லயே பதில் சொல்லிடறேன்.

கேள்வி: ஈ.சி.ஆர் பக்கம் எங்களுக்கு சின்னதா ஒரு பண்ணை வீடு. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்துல குளம், ஆழம் சராசரியா 1.2 மீட்டர். தீபாவளிக்கு பேரப் பசங்க வர்றாங்கன்னு பழைய தண்ணிய எறக்கிட்டு போர் தண்ணி நிரப்பினோம், பளிங்கு மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் பராமரிப்புப் பையன் ஷாக் ட்ரீட்மென்ட்னு ப்ளீச்சிங் பவுடர் நிறைய கொட்டினான். காலைல பாத்தா தண்ணி டீ கலர். ரெண்டு நாள் ஃபில்டர் ஓட்டினதும் தண்ணி தெளிஞ்சிடுச்சு, ஆனா படிக்கட்டு, டைல்ஸ் இடுக்கு எல்லாம் காவி ஏறிடுச்சு. இப்ப அவன் முழுசா தண்ணிய எறக்கி ஆசிட் ஊத்தித் தேய்க்கணும்ங்கிறான். செய்யலாமா சார்?

பதில்: செய்யாதீங்க. முதல்ல அந்த தண்ணி எறக்குற மோட்டார ஆஃப் பண்ணச் சொல்லுங்க, மத்தத அப்புறம் பேசலாம். ஈ.சி.ஆர் மணல் பூமி, இது மழைக்காலம், நிலத்தடி நீர் மேல ஏறி நிக்கிற நேரம். இந்த சமயத்துல குளத்த காலி பண்ணினா உள்ள கனம் இல்லாம, கீழ இருக்கிற தண்ணி மொத்தத் தொட்டியையும் தோணி மாதிரி மேல தூக்கப் பாக்கும். தூக்கலைன்னாலும் தளத்துல வெடிப்பு விடும். கறைக்கு பயந்து குளத்தையே தொலைச்ச கதையாயிடும். அப்புறம் ஆசிட், அது காவியையும் தின்னும், டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமென்டையும் தின்னும், அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சிமென்ட் சொரசொரன்னு ஆயிடுச்சுன்னா அடுத்த கறை இன்னும் சீக்கிரமா புடிச்சுக்கும்.

நடந்தது என்னன்னா, உங்க போர் தண்ணில இரும்பு இருக்கு. பூமிக்கு அடியில காத்து படாம இருக்கிற வரைக்கும் அது சர்க்கரை மாதிரி கரைஞ்சு கண்ணுக்கே தெரியாது, அதான் பளிங்கு மாதிரி இருந்துச்சு. க்ளோரின் பட்ட உடனே துருவா மாறிடும். துரு தண்ணில கரையாது, கொஞ்சம் ஃபில்டர் மணல்ல சிக்கும், மிச்சம் சுவர்லயும் படியிலயும் உக்காந்துக்கும். அதாவது குளத்த சுத்தம் பண்ணப் போட்ட மருந்துதான் குளத்துக்கு காவி பூசியிருக்கு. பையன் மேல தப்பு சொல்ல முடியல, ஏன்னா இதே வேலைய நானே பண்ணியிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசு, மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட், மறுநாள் கல்யாண ரிசப்ஷன், ராத்திரி 5 கிலோ பவுடர கரைச்சு ஊத்திட்டு நிம்மதியா தூங்கினேன். காலைல மேனேஜர் என்னைக் கூட்டிட்டுப் போய் கரையில நிறுத்தி ஒண்ணுமே பேசல, தண்ணியவும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அன்னைக்கு வாங்காத திட்டு இன்னைக்கும் வலிக்குது.

அளவ கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க குளம் 60,000 லிட்டர். தண்ணில லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு இருந்தா மொத்தம் 120 கிராம். ஒரு கைப்பிடி ஆணிய அரைச்சு தூவின மாதிரி. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துவைக்கிற துணில கறை ஏறும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, குளத்து வெள்ளை டைல்ஸ் என்ன பாவம் பண்ணுச்சு.

இப்ப வைத்தியம். ஆனா அதுக்கு முன்னாடி இது இரும்புதானான்னு உறுதி பண்ணிக்கணும். மெடிக்கல் ஷாப்புல விட்டமின் சி மாத்திரை நாலஞ்சு வாங்கி, பொடிச்சு, பழைய சாக்ஸுக்குள்ள போட்டு முடிஞ்சு, தண்ணிக்குள்ள கறை மேல அரை நிமிஷம் அழுத்திப் புடிங்க. எடுத்துப் பாத்தா அந்த இடம் மட்டும் வெள்ளையா பொட்டு வச்ச மாதிரி இருந்தா இரும்பு உறுதி. மாறலைன்னா, இன்னொரு சாக்ஸுல (இன்னொரு சாக்ஸுல, அதே சாக்ஸுல இல்ல) கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் வச்சுப் பாருங்க, அதுல வெளுத்தா அது இலை தழை சாயம், இரும்பு கிடையாது.

இரும்புன்னு தெரிஞ்சா அதே விட்டமின் சியதான் கிலோ கணக்குல வாங்கணும், அஸ்கார்பிக் ஆசிட்னு கேளுங்க, சென்னைல பாரிஸ் பக்கம் கெமிக்கல் கடைங்கள்ல வெள்ளைப் பவுடரா கிடைக்கும். 40,000 லிட்டருக்கு சுமார் 450 கிராம்னு கணக்கு, உங்களுக்கு 700 கிராம் போதும். ஆனா வாங்கின உடனே கொட்டிடாதீங்க. குளத்துல க்ளோரின் இருந்தா இந்தப் பவுடர் கறைகிட்ட போறதுக்கு முன்னாடி க்ளோரினோட மல்லுக்கு நிக்கும். ஒரு பங்கு க்ளோரினுக்கு ரெண்டரைப் பங்கு பவுடர் காலி. 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) க்ளோரின் இருந்தாலே உங்க குளத்துல 120 கிராம் க்ளோரின், அதுக்கே 300 கிராம் பவுடர் போயிடும். அதனால முதல்ல ரெண்டு மூணு நாள் க்ளோரின் போடாம விடுங்க, வெயில் பட்டாலே எறங்கிடும். மழை மூட்டமா இருந்து எறங்கலைன்னா கொஞ்சம் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட், ஹைப்போக்ளோரைட் இல்ல) போட்டு எறக்கலாம், மீன் தொட்டிக்குப் போடுறாங்களே, அதேதான். க்ளோரின் இல்லாத தண்ணில பாசி வரும்ங்கிறதால செம்பு கலக்காத பாசி மருந்து, பாலிக்வாட்னு கேட்டு வாங்கி முன்கூட்டியே ஊத்திடுங்க. பிஎச்ச (தண்ணியோட புளிப்பு அளவு, எண் குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) 7.2 பக்கம் எறக்கி வச்சுக்கோங்க. அப்புறம் பம்ப் ஓடுற நேரத்துல கறை எங்க அதிகமோ அந்தப் பக்கமா பவுடர பரவலா தூவுங்க.

அதுக்கப்புறம் ஒரு நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க சார், சும்மா சொல்லல, அரை மணியில படிக்கட்டு வெளுக்க ஆரம்பிக்கும், தேய்க்கவே வேணாம். எத்தனையோ தடவ பாத்தும் எனக்கு இன்னும் அலுக்கல.

ஆனா இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கறை போயிடுச்சு, இரும்பு எங்க போச்சு? எங்கேயும் போகல, திரும்ப தண்ணில கரைஞ்சு நிக்குது, நீங்க சந்தோஷத்துல மறுபடி ஷாக் குடுத்தா அன்னைக்கு ராத்திரியே பழைய காவி. அதனால கறை போன கையோட சீக்வெஸ்ட்ரன்ட்னு ஒரு மருந்து ஊத்தணும், உள்ள ஹெச்இடிபிங்கிற பொருள் இருக்கிறதா பாத்து வாங்குங்க, அளவு டப்பால போட்டிருக்கும். அது இரும்ப வெளிய எடுக்காது, கையப் புடிச்சு உக்கார விடாம வச்சிருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க பம்ப் ஓடட்டும். அப்புறம் க்ளோரின சிட்டிகை சிட்டிகையா ஏத்துங்க. முதல் ரெண்டு மூணு நாள் எவ்வளவு போட்டாலும் டெஸ்ட்ல காட்டாது, மிச்சமிருக்கிற விட்டமின் சி தின்னுட்டிருக்கும், பதறிப்போய் அள்ளிக் கொட்டிடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு க்ளோரின் 1 பிபிஎம் பக்கமும், பிஎச் 7.2லேர்ந்து 7.4க்குள்ளயும் நிக்கட்டும். பிஎச் ஏறினா இரும்பு திரும்ப வெளிய குதிச்சிடும். அந்த ஹெச்இடிபியையும் க்ளோரின் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சிடும்ங்கிறதால வாரா வாரம் கொஞ்சம் சேத்துக்கிட்டே இருக்கணும்.

இரும்ப நிஜமாவே வெளிய எடுக்கணும்னா என் கைவைத்தியம் ஒண்ணு: தலையணைக்குள்ள அடைக்கிற வெள்ளை பாலிஸ்டர் பஞ்சு, அத ஒரு கை அள்ளி ஸ்கிம்மர் கூடையில (மேல மிதக்குற குப்பையப் புடிக்கிற கூடை) வைங்க (ரொம்ப திணிச்சா பம்ப் மூச்சு திணறும்). ரெண்டு மூணு நாள்ல பஞ்சு காப்பிப்பொடி கலர் ஆயிடும். தூக்கிப் போட்டுட்டு புதுசு வைங்க, பஞ்சு வெள்ளையாவே நிக்கிற வரைக்கும்.

கடைசியா, தினமும் ஆவியாகிறதுக்கு பதிலா எந்தத் தண்ணி விடுறீங்க? வெயில் காலத்துல ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குறைஞ்சாலும் உங்க குளத்துல 250 லிட்டர். தண்ணி மட்டும்தான் ஆவியாகும், இரும்பு ஆவியாகாது, அது அங்கேயே சேந்துட்டே போகும். மொட்டை மாடி மழைத் தண்ணிய சம்ப்ல புடிச்சு விட முடியுமான்னு பாருங்க. இல்ல, போர் தண்ணிய முதல்ல ஒரு தொட்டில விட்டு, அங்கேயே ப்ளீச்சிங் போட்டு, துருவ அடியில எறங்க விட்டு, மேல்தண்ணிய மட்டும் எடுங்க.

கேள்வி: புது போர் போட்டிருக்கோம். குளத்துல விடுறதுக்கு முன்னாடியே இரும்பு இருக்கான்னு லேப் போகாம கண்டுபிடிக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு, செலவே கிடையாது. வெள்ளை பக்கெட்ல போர் தண்ணி புடிங்க, ஒரு சிட்டிகை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. மஞ்சள், காவின்னு மாறினா இரும்பு. கருப்படிச்ச மாதிரி மாறினா மாங்கனீஸ், அது இன்னும் தொல்லை, அந்தத் தண்ணிய லேப்ல குடுத்துப் பாத்துட்டு முடிவெடுங்க. வெள்ளை பக்கெட்தான் முக்கியம், நீல பக்கெட்ல பாத்துட்டு ஒண்ணுமில்ல சார்னு எனக்கு ஃபோன் பண்ணவங்க உண்டு.

கேள்வி: கோவைல அப்பார்ட்மென்ட்ல இருக்கோம். எங்க அப்பாவுக்கு 70 வயசு, தினமும் காலைல நீந்துவார், தலை முழுக்க வெள்ளை முடி. ஒரு மாசமா முடி லேசா பச்சையடிக்குது. வாக்கிங் வர்ற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கிளின்னு கிண்டல் பண்றாங்களாம், வெளிய போகவே கூச்சப்படுறார். க்ளோரின் அதிகமானா இப்படி ஆகுமா?

பதில்: அம்மா, பாவம் அப்பா, சிறுவாணித் தண்ணியில குளிச்ச தலைக்கு வந்த சோதனையப் பாருங்க. இது க்ளோரின் இல்ல, செம்பு. பழைய பித்தளைப் பாத்திரத்துல பச்சையா களிம்பு ஏறும்ல, அதே களிம்புதான் முடில ஏறியிருக்கு. கருப்பு முடில ஏறினாலும் தெரியாது, வெள்ளை முடில காட்டிக் குடுத்துடும். அந்தக் குளத்துல நீந்துற மத்தவங்க தலையிலயும் இருக்கு, அப்பா மட்டும் மாட்டிக்கிட்டார்.

செம்பு எப்படி வந்துச்சுன்னா, ரெண்டு வழி. ஒண்ணு, பாசி புடிச்சா மயில்துத்தம் (காப்பர் சல்பேட், செம்பு உப்பு) போடுறது. மலிவு, உடனே பாசி சாகும், அதனால பராமரிப்பு ஆளுங்களுக்கு அது மேல தனிப் பிரியம். போட்ட துத்தம் எங்கேயும் போகாது, மாசா மாசம் சேந்துட்டே வரும். ரெண்டாவது, தண்ணி சூடு பண்ற ஹீட்டர் இருக்கா, அதுக்குள்ள செம்புக் குழாய் இருக்கலாம், தண்ணி பிஎச் ரொம்ப எறங்கிக் கிடந்தா அந்தக் குழாயையே அரிச்சு எடுத்துட்டு வந்துடும். அசோசியேஷன்ல சொல்லி செம்பு அளவு பாக்கச் சொல்லுங்க, 0.3 பிபிஎம் தாண்டியிருந்தா துத்தத்த நிறுத்தணும், பாதித் தண்ணிய மாத்தணும், பிஎச் 7.2க்கு கீழ போகாம பாத்துக்கணும். டைல்ஸ்ல நீலப்பச்சையா கறை இருக்கான்னும் பாருங்க, இருந்தா அதே கதைதான்.

இங்க இன்னொண்ணு சொல்லணும், பச்சைன்னாலே செம்புன்னும் முடிவு கட்டிடாதீங்க. தண்ணி பச்சையா இருக்கு ஆனா அடித்தளம் தெளிவா தெரியுதுன்னா உலோகம். கலங்கலா, சுவத்த தொட்டா வழுவழுன்னு இருந்தா பாசி. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல டைவிங் குளம் ஒரே நாள்ல பச்சையாச்சே, ஞாபகம் இருக்கா, உலகமே பாத்துச்சு. அங்க யாரோ ஹைட்ரஜன் பெராக்சைட ஊத்தினதுல க்ளோரின் செத்துப் போய் பாசி வந்துடுச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. ஒலிம்பிக்ஸ்லயே தப்பான டப்பாவ தொறக்குறாங்க, நம்ம அப்பார்ட்மென்ட்ட என்ன சொல்ல.

அப்பா முடிக்கு: நாலு விட்டமின் சி மாத்திரைய பொடிச்சு வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு முடில தடவி பத்து நிமிஷம் விட்டு அலசிட்டு ஷாம்பு போடுங்க, கண்ணுல படாம பாத்துக்கோங்க. நாலஞ்சு தடவைல நல்லாவே குறையும். இனிமே எறங்குறதுக்கு முன்னாடி ஷவர்ல நல்ல தண்ணில முடிய நனைச்சிட்டு, மேல துளி தேங்காய் எண்ணெய் தடவிட்டு தொப்பி போட்டுக்கச் சொல்லுங்க. ஏற்கனவே நனைஞ்ச முடி குளத்துத் தண்ணிய அவ்வளவா உறிஞ்சாது.

கேள்வி: திருச்சில சின்ன ஹோட்டல், 60,000 லிட்டர் குளம். பிஎச் ஒரு நாள் நிக்க மாட்டேங்குது, இன்னைக்கு சரி பண்ணா நாளைக்கு 6.8. சோடா போட்டா 8 தாண்டுது, ஆசிட் விட்டா மறுபடி கீழ. டிசிசிஏங்கிற க்ளோரின் மாத்திரைதான் மிதக்கவிட்டு ஓட்டுறோம், வாரம் ஒரு கிலோ. டோட்டல் ஆல்கலினிட்டி பாத்தப்ப 40 காட்டுச்சு.

பதில்: கடைசி வரில விடையும் நீங்களே எழுதிட்டீங்க, 40. ஆல்கலினிட்டிங்கிறது வீட்ல பெரியவங்க மாதிரி, அவங்க இருந்தா பிஎச் ஆட்டம் போடாது. குறைஞ்சது 80, அதிகபட்சம் 120 இருக்கணும். டிசிசிஏ மாத்திரை நல்ல புளிப்பு சமாச்சாரம், கரைச்சா பிஎச் 3 பக்கம். தினமும் அது தின்னு தின்னு உங்க ஆல்கலினிட்டிய காலி பண்ணிடுச்சு.

எந்த சோடா போட்டீங்கன்னு நீங்க சொல்லல, ஆனா 8 தாண்டுதுன்னா சலவை சோடா போட்டிருக்கீங்க. சலவை சோடா பிஎச்ச ஒரே தூக்கா தூக்கும். ஆல்கலினிட்டி ஏத்த சமையல் சோடாதான் வேணும், ஆப்பத்துக்கு போடுறது. ஆயிரம் லிட்டருக்கு 1 பிபிஎம் ஏத்த ஏறக்குறைய 1.7 கிராம். உங்களுக்கு 40லேர்ந்து 80க்கு ஏத்த 60ஐ 40ஆல பெருக்கி 1.7ஆல பெருக்குங்க, 4 கிலோ வருது. ஒரே நாள்ல கொட்டாம ரெண்டு நாளா பிரிச்சு பக்கெட்ல கரைச்சு ஊத்துங்க, மூணாம் நாள் அளந்து பாத்துட்டு அப்புறம்தான் பிஎச் பக்கம் கை வைக்கணும். ஆல்கலினிட்டிய விட்டுட்டு பிஎச்ச மட்டும் துரத்துனா ஆசிட்டும் சோடாவும் மாத்தி மாத்தி வாங்கி கடைக்காரர் வீடு கட்டிடுவார்.

இன்னொரு கெட்ட செய்தி. டிசிசிஏ க்ளோரினோட சேத்து சயனூரிக் ஆசிடும் விடும். வெயில்ல க்ளோரின் ஓடாம இருக்க அது 30லேர்ந்து 50 பிபிஎம் வேணும்தான், ஆனா 10 பிபிஎம் க்ளோரினுக்கு 6 பிபிஎம் சயனூரிக்னு அது ஏறிட்டே இருக்கும், எறங்கவே எறங்காது. உங்க கணக்குக்கு வாரம் 9 பிபிஎம், நாலு மாசத்துல 140 தாண்டிடும். அளவு மீறினா அது க்ளோரினையே கட்டிப் போட்டுடும். அப்ப டெஸ்ட்ல க்ளோரின் 3 காட்டும், தண்ணில பாசி நிக்கும், ஏன்னே புரியாது. பாதித் தண்ணிய மாத்துறதுதான் வழி, அப்புறம் மாத்திரைய குறைச்சிட்டு லிக்விட் க்ளோரினுக்கு மாறுங்க. மாத்துற தண்ணில இரும்பு இருக்கான்னு மேல சொன்ன பக்கெட் டெஸ்ட் பண்ணிட்டு மாத்துங்க, இல்லைன்னா அடுத்த இதழுக்கு காவிக் கறைன்னு எழுதுவீங்க.

முக்கியமா, டிசிசிஏ எடுத்த குவளைய ப்ளீச்சிங் பவுடர்ல விட்டுடாதீங்க. ஈரக் கையோட ஒரு தடவ என் ஆள் அப்படி பண்ணி புகை கிளம்பி, ரூம விட்டு ஓடி வந்தோம். ரெண்டும் சேந்தா தீயே புடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் ஒரே ரூம்ல கூட வைக்க வேணாம், சேந்தா விஷ வாயு.

கேள்வி: அடித்தளத்துல ஒரே இடத்துல ரூபாய் நாணயம் அளவு துருக்கறை. விட்டமின் சி வச்சா போகுது, பத்து நாள்ல அதே இடத்துல வந்துடுது.

பதில்: அது தண்ணி இல்ல, உள்ள இருக்கிற கம்பி. கான்கிரீட்ல கம்பி மேலாக நின்னு துருப்புடிச்சு கசியுது. எந்தப் பவுடரும் கேக்காது, மழை முடிஞ்சு நிலத்தடி நீர் எறங்கினதும் அந்த இடத்தக் கொத்தி, கம்பிய வெட்டி, அடைக்கணும். அதுக்கு முன்னாடி அங்க யாராவது ஹேர்பின் போட்டிருக்காங்களான்னு ஒரு முழுக்கு போட்டுப் பாத்துக்கோங்க, எனக்கு அப்படியும் ஒண்ணு நடந்திருக்கு.

கேள்வி: டெஸ்ட் கிட்ல க்ளோரின் பூஜ்யம் காட்டுது, கிலோ கிலோவா போட்டும் பூஜ்யம்தான். பிஎச் சொட்டு விட்டா கத்தரிப்பூ கலர் வருது. கிட் கெட்டுப் போச்சா?

பதில்: கிட் நல்லாத்தான் இருக்கும், க்ளோரின்தான் எக்கச்சக்கம். அளவு ரொம்ப மீறினா க்ளோரின் அளக்குற டிபிடி மருந்தோட இளஞ்சிவப்பையே க்ளோரின் வெளுத்துடும், பாக்க பூஜ்யம் மாதிரி இருக்கும். அந்தக் கத்தரிப்பூ கலரும் அதே கோளாறுதான், நிஜமான பிஎச் இல்ல. ஒரு பங்கு குளத்துத் தண்ணிக்கு ஒன்பது பங்கு க்ளோரின் கலக்காத கேன் தண்ணி கலந்து க்ளோரின திரும்பப் பாருங்க, வர்ற எண்ணைப் பத்தால பெருக்கிக்கோங்க. அது 3க்கு எறங்குற வரைக்கும் யாரையும் எறங்க விடாதீங்க.

கேள்வி: விட்டமின் சி தான் மருந்துன்னா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊத்தக் கூடாதா? எங்க தோட்டத்துல நிறைய காய்க்குது.

பதில்: கணக்கு போட்டுப் பாத்துடுவோம். ஒரு லிட்டர் எலுமிச்சைச் சாறுல அரை கிராம் பக்கம்தான் விட்டமின் சி. 700 கிராம் வேணும்னா 1,400 லிட்டர் சாறு. ஒரு பழத்துல 25 மில்லி வந்தாலும் 56,000 பழம் பிழியணும். அவ்வளவு பழம் உங்ககிட்ட இருந்தா குளத்த மூடிட்டு ஊறுகாய் கம்பெனி ஆரம்பிக்கலாம். ஏணிக் கால்ல, கைப்பிடியில லேசா துரு இருந்தா மட்டும் அரை மூடி தேய்ச்சுப் பாருங்க, நல்லாவே போகும். மிச்ச அரை மூடிய ஜூஸ் போட்டுக் குடிங்க, உப்பு போட்டு.